குளிசை முடிந்த பிறகு

ஆடி, ஆவணியில் சோளகக் காற்று புழுதியை வாரி இறைக்கிற நாட்களில்தான் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சுவிஸிலிருந்தும் பிள்ளைகள் இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்குத் தொண்டு செய்ய வருகிறார்கள். பலருக்கு அதுதான் முதல் தொண்டுப் பயணம். சிலர் பெற்றோர் பிறந்த மண்ணை மிதிப்பதே அப்போதுதான். இந்த ஊர்களில் சைக்கிள் மிதித்துக் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். மருத்துவ முகாம் என்றால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார்கள், நான் மறுத்ததில்லை. இந்த வருடம் முதல் தடவை வர இருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு அம்மம்மா இருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குழு அவருக்குப் பிரஷர் பார்த்து, ஒரு மாதத்துக்குக் குளிசை (மாத்திரை) கொடுத்துவிட்டுப் போனது. மூன்று மாதம் கழித்து அவர் வீட்டுப் பக்கம் போனேன். தலையைச் சுற்றுகிறது என்று திண்ணையில் சாய்ந்திருந்தார். அளந்து பார்த்தால் 200க்கு மேல். "கிளினிக்குக்குப் போகவில்லையா அம்மா?" என்று கேட்டேன். அலுமாரியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்து காட்டினார். அதற்குள் கத்தியால் பாதியாக வெட்டிய ஏழு குளிசைகள். "வெளிநாட்டு மருந்தல்லவா பிள்ளை, முடிந்துவிடக் கூடாதென்று பாதி பாதியாகப் போடுகிறேன்" என்றார். மாதாமாதம் இலவசமாக மருந்து தருகிற கிளினிக்கின் கொப்பி (நோயாளியின் விவரம் எழுதும் நோட்டு) அதே அலுமாரியில் மூன்று மாதமாகத் திறக்கப்படாமல் கிடந்தது. பையின் மேல் எழுதியிருந்ததெல்லாம் ஆங்கிலம். அன்று அவருக்கு மொழிபெயர்த்தவள் நான். கிளினிக்கை விட்டுவிடாதீர்கள் என்று ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

அந்தக் குழுவில் வந்தவர்கள் நல்ல பிள்ளைகள். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து, விடுமுறையை எங்களுக்காகக் கொடுத்தவர்கள். அவர்கள் மனதில் குறை இல்லை. ஆனால் நீங்கள் விமானம் ஏறிய பின் இங்கே மிஞ்சுவது அந்தக் கிளினிக், அதன் தாதி, அந்தக் கொப்பி. நீங்கள் செய்ததை அந்தக் கொப்பியில் எழுதாமல் போனால் அந்த நோயாளியைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போகிறீர்கள். அதனால் வருவதற்கு முன்பே உங்களைக் கூட்டி வருகிறவர்களிடம் கேளுங்கள்: இந்த ஊர் வைத்திய அதிகாரிக்கு நாங்கள் வருவது தெரியுமா? மிச்ச மருந்தை யார் கொடுப்பார்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். மருத்துவர்கள் இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவும் எடுக்க வேண்டும். அதைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

இன்னொன்று. "முகாம்" என்ற சொல்லே இங்கே சிலருக்குத் தொண்டையை அடைக்கும். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. பெயர் பதிந்து, வரிசையில் நின்று, கை நீட்டி வாங்கிய நாட்களை இவர்கள் மறக்கவில்லை. வெயிலில் வரிசை பிடிக்க வைக்காதீர்கள். மரத்தடியில் கதிரை போடுங்கள். நிவாரணம் வாங்குகிற கையைப் படம் எடுக்காதீர்கள். போர் முடிந்த 2009 மே மாதத்தைப் பற்றி நீங்களாகக் கேட்கவே வேண்டாம். சொல்ல வேண்டும் என்று தோன்றினால், தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு அவர்களே தொடங்குவார்கள். அப்போது எழுந்து போகாமல் இருங்கள், போதும்.

இரண்டு வருடத்துக்கு முன் கனடாவிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். இயன்மருத்துவம் (பிசியோதெரபி) படித்தவள், வீட்டுத் தமிழ் கொஞ்சம் தெரியும். முதல் மூன்று நாளும் யாரையும் தொட்டு வைத்தியம் செய்யவில்லை. என் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். உளைவு, குத்து, கடுப்பு, எரிவு, விறைப்பு என்று எங்கள் ஆட்கள் சொல்வதையெல்லாம் நான் ஒரே ஆங்கிலச் சொல்லில் முடித்துக்கொண்டிருந்தேன். அவள் விடவில்லை. "உளைவுக்கும் கடுப்புக்கும் என்ன வித்தியாசம், அன்ரி?" என்று கேட்டுக் கேட்டுக் கொப்பியில் எழுதினாள். முதுகில் ஷெல் துண்டோடு வாழும் ஒருவர், எரிவு எங்கே தொடங்கி எந்த விரலில் முடிகிறது என்று அவளுக்குத் தன் காலிலேயே கோடு போட்டுக் காட்டினார். பத்து வருடமாக அவரை எனக்குத் தெரியும். அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. போகும்போது அவருக்கான பயிற்சிகளை அவருடைய மனைவிக்கும் பழக்கிவிட்டு, தமிழில் எழுதியும் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தத் தாள் இன்றும் அவர்கள் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. இப்படி வருகிறவர்கள் எத்தனை பேர் வந்தாலும் எங்களுக்கு வேண்டும்.

அந்த அம்மம்மாவுக்கு மாதத்தின் இரண்டாவது செவ்வாய் கிளினிக். காலை ஆறரைக்கு ஓட்டோ வரும், நானும் கூடப் போகிறேன். ஆவணியில் வருகிறவர்கள் அன்று எங்களோடு வந்து கிளினிக் வாங்கில் (பெஞ்சில்) இருந்து பாருங்கள். ஓட்டோவில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது.