எடிங்டன் மறைத்தாரா?

"எடிங்டன் தனக்கு ஒத்துவராத படங்களைத் தூக்கி எறிந்தார், ஐன்ஸ்டைனுக்கு இருக்கும் சான்றே அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிக் கதை. சூரியனின் ஈர்ப்பு, அருகே கடக்கும் விண்மீன் ஒளியை வளைக்கும் என்பது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாட்டின் கணிப்பு; சூரிய கிரகணப் படங்களை வைத்து அதைச் சோதித்தவர்களில் ஒருவர் ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன்.

ஒதுக்கப்பட்டவை 1919 கிரகணத்தின்போது பிரேசிலின் சோப்ராலில் எடுத்த படங்கள். எடிங்டன் இருந்ததோ ஆப்பிரிக்காவை ஒட்டிய பிரின்சிப்பி தீவில். சோப்ரால் படங்களை அளந்தது இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில் அதன் தலைவர் டைசனின் குழு. குவியம் மாறி விண்மீன்கள் கலங்கிப் பதிந்திருந்ததால்தான் ஒதுக்கினார்கள். அங்கேயே இன்னொரு தொலைநோக்கியின் தெளிவான படங்கள் 1.98 வில்விநாடி (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கே ஒரு வில்விநாடி) ஒளி வளைவைக் காட்டின. ஐன்ஸ்டைன் கணிப்பு 1.75, நியூட்டன் வழிக் கணக்கு 0.87. (கள்ளக்கணக்கு எழுதுகிறவர் 1.98 என்றா எழுதுவார்?) ஒதுக்கிய அதே படங்களை 1979-இல் நவீன கருவியால் அளந்தபோது 1.55 வந்தது.

மற்றபடி, சனிக்கோளை ஆராயச் சென்ற காசினி விண்கலத்தின் ரேடியோ அலைகள் சூரியனருகே கடந்ததை வைத்துச் செய்து 2003-இல் வெளியிட்ட சோதனை, லட்சத்தில் சில பங்கு துல்லியத்தில் ஐன்ஸ்டைனின் கோட்பாட்டோடு ஒத்துப்போனது. அதில் எடிங்டனுக்கு என்ன வேலை?