அன்னை தெரசா சபையின் கணக்குகள் முடக்கப்பட்டனவா?

"அன்னை தெரசாவின் மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி சபையின் வங்கிக் கணக்குகளை மத்திய அரசு முடக்கிவிட்டது, 22,000 பேர் உணவும் மருந்தும் இன்றித் தவிக்கிறார்கள்" என்ற பழைய செய்தி, தேதி இல்லாமல் மறுபடியும் வாட்ஸ்அப்பில் வலம் வருகிறது.

நடந்தது வேறு. வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான பதிவைப் புதுப்பிக்க உள்துறை அமைச்சகம் 2021 டிசம்பர் 25 அன்று மறுத்தது. கிறிஸ்துமஸ் நாளில் வந்த முடிவு என்பதால் கொதிப்பு எழுந்தது இயல்பே. ஆனால் கணக்குகளை முடக்கவில்லை என்று அமைச்சகம் டிசம்பர் 27 அன்று அறிக்கை விட்டது. சபையும் அதையே சொன்னது: பிரச்சினை தீரும்வரை வெளிநாட்டு நன்கொடைக் கணக்குகளை இயக்க வேண்டாம் என்று தன் இல்லங்களுக்குத் தானே அறிவுறுத்தியிருந்தது. உள்நாட்டு நன்கொடைக்கு இந்தப் பதிவே தேவையில்லை. 2022 ஜனவரி முதல் வாரத்தில் பதிவு திரும்பக் கிடைத்தது; இதைத்தான் யாரும் பகிர்வதில்லை.

1948இல் கல்கத்தாவின் மோதிஜீல் சேரியில், கரும்பலகைகூட இல்லாமல் மண்தரையில் குச்சியால் எழுதிக் காட்டித் தொடங்கிய பணி இது. புதுப்பிப்பு மறுக்கப்பட்டது சரியா என்று தாராளமாக விவாதிக்கலாம். அதற்குப் பொய்ச் செய்தி தேவையில்லை.

அமைச்சக அறிக்கை பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. அந்தச் செய்தியோடு பணம் அனுப்பச் சொல்லும் எண் ஏதும் ஒட்டியிருந்தால் அனுப்பாதீர்கள். செய்தியை மேற்கொண்டு பகிரவும் வேண்டாம்.