வரி கட்டாமல் ராஜா பார்ப்பது

"ராஜாவாவது ராணியாவது, இந்தக் காலத்தில் இதையெல்லாம் உட்கார்ந்து பார்க்கிறாயே" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிறப்பினால் ஒருவர் உயர்ந்தவர் என்பதை ஒரு நொடிகூட ஏற்காதவன் நான். ஆனாலும் லண்டனில் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்கும் நாளில் வேலையைப் போட்டுவிட்டு நேரலை முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன். அரண்மனையில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்ற வம்பில் எனக்கு ருசியில்லை. தோற்றுப்போன அதிகாரம் தன் தோல்வியைத் தானே வேடம் கட்டி ஆடிக் காட்டுகிறதே, அந்தக் கூத்துக்குத்தான் நான் ரசிகன்.

கூட்டத்தொடரைத் தொடங்கிவைக்க மன்னர் வருவதற்கு முன், காவலர்கள் விளக்கும் கையுமாக நாடாளுமன்ற நிலவறையில் வெடிமருந்து தேடுவார்கள். 1605-ல் ஒரு சதிக்கூட்டம் அங்கே பீப்பாய் பீப்பாயாகப் பதுக்கியது. தேடல் இன்னும் ஓயவில்லை. மன்னர் பத்திரமாகத் திரும்பும்வரை ஓர் எம்.பி.யை அரண்மனையில் பிணையாக வைத்திருப்பார்கள். (பிணைக்கைதிக்கு உபசாரத்தில் குறை இருக்காது என்று நம்புகிறேன்.) அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த கட்டம். மன்னரின் தூதராக 'பிளாக் ராடு' எனப்படும் அதிகாரி கையில் கருங்காலிக் கோலுடன், உறுப்பினர்களை அழைக்க மக்களவையை நோக்கி நடந்து வருவார். நெருங்கியதும் கதவை முகத்துக்கு நேரே படாரென்று சாத்துவார்கள். கோலால் மூன்று முறை தட்டினால்தான் திறக்கும். தட்டித் தட்டியே அந்தக் கதவில் வடு விழுந்திருக்கிறது.

காரணம் 1642-ல் இருக்கிறது. அந்த ஜனவரியில் மன்னர் முதலாம் சார்லஸ் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு வந்து, ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய மக்களவைக்குள் நுழைந்தார். ஐவரும் முன்பே நழுவியிருந்தார்கள். எங்கே என்று கேட்டதற்கு, அவை பணித்தாலொழிய எனக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்றார் சபாநாயகர் லெந்தால். ஏழாண்டு கழித்து அந்த மன்னரின் தலையே போயிற்று. அவை நடக்கும்போது மன்னர் அந்த அறைக்குள் காலடி வைப்பதில்லை என்பது இன்றுவரை வழக்கம்.

இனி அதே பெயர் கொண்ட இன்றைய மன்னர் மூன்றாம் சார்லஸைப் பாருங்கள். 2023 நவம்பர் 7. தலையில் கிரீடம், கையில் உரை. எழுதிக் கொடுத்தது அமைச்சரவை. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றும் துணிச்சல் அவருக்குக் கிடையாது. 1970-லிருந்து சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசிப் பேசியே கேலிக்கு ஆளான மனிதர் அவர். அவர் வாயாலேயே, புதிய எண்ணெய், எரிவாயு வயல்களுக்கு உரிமம் வழங்கத் துணைபுரியும் மசோதா வருகிறது என்று அறிவிக்க வைத்தார்கள். முகத்தில் எதையும் நான் காணவில்லை. எட்டு மாதத்தில் ஆட்சி மாறியது. 2024 ஜூலை 17 அன்று அதே அரியணை, அதே குரல். இம்முறை தூய மின்சாரத்துக்கான அரசு நிறுவனம் வரும் என்று வாசித்தார். உள்ளூர மகிழ்ந்தாரா? முகத்தைப் பார்த்து அப்போதும் எனக்குப் பிடிபடவில்லை. அவருக்குச் சம்பளமே அதற்குத்தான் என்று நினைக்கிறேன். வாக்கு வாங்கி வென்றவர்கள் பலருக்கு இந்த நாவடக்கம் வாய்ப்பதில்லை.

வேறு சில நாடுகளின் அரசர்கள் இன்னும் எளிமையானவர்கள். நெதர்லாந்து மன்னர் வில்லெம் அலெக்சாண்டர் இருபது ஆண்டுகளுக்கு மேல் பயணிகள் விமானத்தில் துணை விமானியாகப் பறந்தார். அறிவிப்பில் பெயர் சொல்லமாட்டார். நார்வேயின் ஐந்தாம் உலாவ், 1973 எண்ணெய் நெருக்கடியில் கார் ஓட்டத் தடை வந்தபோது, பனிச்சறுக்குக் கட்டைகளோடு ரயிலேறினார். அவர் டிக்கெட்டுக்குப் பணம் நீட்டும் புகைப்படத்தை அந்த நாடு இன்றும் மறக்கவில்லை.

"கோஹினூரை மறந்துவிட்டாயா?" என்பார்கள். மறக்கவில்லை. 1849-ல் பஞ்சாபின் சிறுவயது மன்னன் துலீப் சிங்கிடமிருந்து பிடுங்கிய வைரம் அது. 2023 முடிசூட்டில் ராணி கமிலாவின் கிரீடத்தில் அது இல்லாமல் பார்த்துக்கொண்டார்களே, அந்தக் கூச்சம் போதாது. வேடிக்கை பார்ப்பது மன்னிப்பு வழங்குவது ஆகாது. ஆனால் ஒன்று: இந்தியாவை ஆட்டிப்படைத்த சட்டங்கள் பிறந்தது, மன்னரின் தூதரை, முகத்துக்கு நேரே கதவை அறைந்து சாத்தி வெளியே நிறுத்துகிற அந்த நாடாளுமன்றத்தில்தான். அதைப் பற்றிக் கோபப்பட ஏனோ நமக்கு நேரமிருப்பதில்லை.

தாய்லாந்து பக்கம் மட்டும் எனக்கு ரசனை ஓடாது. அங்கே அரச குடும்பத்தை இழிவுபடுத்தியதாகத் தீர்ப்பானால், குற்றவியல் சட்டத்தின் 112-வது பிரிவின்படி ஒவ்வொரு குற்றத்துக்கும் மூன்று முதல் பதினைந்து ஆண்டு சிறை. சிரிக்க அனுமதியில்லாத இடத்தில் என்ன கூத்து வேண்டியிருக்கிறது?

என் ரசனை ஓசியில் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். செலவு பிரிட்டிஷ் மக்களுடையது, வேடிக்கை என்னுடையது. முடிசூட்டு நாளான 2023 மே 6 அன்று 'என் மன்னர் அல்ல' என்ற மஞ்சள் பதாகைகளோடு லண்டனில் ஒரு கூட்டம் நின்றது. அதன் தலைவர்கள் சிலரைக் காவல்துறை காலையிலேயே கைது செய்துவிட்டது. நான் அந்த நாட்டுக் குடிமகனாக இருந்திருந்தால் அவர்களோடுதான் நின்றிருப்பேன். பதாகையை உயர்த்திப் பிடித்தபடியே, நான்கு டன் தங்க ரதம் எந்த முனையில் திரும்புகிறது என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டும் இருந்திருப்பேன்.