அமெரிக்காவிலும் ஸ்டேடியம் நிரம்பியிருக்கிறது

ஸ்டேடியம் நிறையக் கூடிக் குத்துச்சண்டை பார்ப்பது பிரிட்டிஷ் ரசிகர்களின் பழக்கம், அமெரிக்கர்களுக்கு எப்போதுமே லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதி அரங்குதான் என்று இங்கே பலர் பகிர்கிறார்கள். அந்த ‘எப்போதுமே’ மட்டும் சரியில்லை.

1926 செப்டம்பர் 23 அன்று பிலடெல்பியாவில் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர்கள் ஜாக் டெம்ப்சியும் ஜீன் டன்னியும் மோதியதைப் பார்க்க சுமார் 1,20,000 பேர் கூடினார்கள், அதுவும் மழையில். ஒப்பிட்டுப் பார்த்தால், 2024இல் பிரிட்டிஷ் வீரர்கள் ஜோஷுவா - டுபுவா சண்டைக்கு லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் கூடியது சுமார் 96,000. 1927இல் சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட் ஸ்டேடியத்தில் நடந்த டெம்ப்சி - டன்னி மறுமோதலுக்கும் ஒரு லட்சத்துக்கு மேல். பெரிய சண்டைகள் வேகஸுக்குப் போனது பிற்பாடுதான். சூதாட வருபவர்களை இழுக்க விடுதிகளே பணம் கொடுத்துச் சண்டையை வாங்கின. ரசிகர்களின் குணத்தைவிட இந்த வியாபாரக் கணக்குக்குத்தான் அதில் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். இப்போதும்கூட, 2021 மே மாதம் டெக்சாஸில் ஒரு ஸ்டேடியத்தில் நடந்த கனெலோ - சாண்டர்ஸ் சண்டைக்கு 73,000 பேருக்கு மேல் வந்தார்கள்.

சரிபார்ப்பது எளிது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1926 செப்டம்பர் 24 தேதியைப் போட்டு டெம்ப்சி பெயரைத் தேடுங்கள், நாளிதழ்களின் முதல் பக்கத்திலேயே செய்தி இருக்கும்.