பிளக்கைப் பிடுங்கிட்டா முடிஞ்சதா?

மனுசனை மிஞ்சின அறிவுள்ள மெஷின்னு பேச்செடுத்தாலே ரெண்டு பதில்தான் வருது. ஒன்னு, ரோபோ கிளம்பி வந்து நம்மள அடிக்கும். இன்னொன்னு, பிளக்கைப் பிடுங்கிட்டா முடிஞ்சது. என்னைக் கேட்டா ரெண்டும் வெட்டிப் பேச்சு.

நாம மார்க் போடற விதத்துலதான் வினையே இருக்கு. 2017-ல ஓப்பன்ஏஐ (சாட்ஜிபிடி பண்ணின கம்பெனி) ஆளுங்க, கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ரோபோ கைக்குப் பொருளைப் பிடிக்கப் பழக்கினாங்க. ரெண்டு வீடியோத் துண்டைப் பார்த்து எது தேவலைன்னு மனுசங்க சொல்லணும், அதுதான் மார்க். படத்துல ஆழம் சரியாத் தெரியாது. கை என்ன பண்ணுச்சு தெரியுமா? பொருளைத் தொடவே இல்லை. கேமராவுக்கும் பொருளுக்கும் நடுவுல போய் நின்னுக்கிச்சு! பார்த்தவங்களுக்குப் பிடிச்ச மாதிரியே தெரிஞ்சது, மார்க்கும் விழுந்தது. அப்புறம் ஆழம் தெரியற மாதிரி தடிமனா வெள்ளைக் கோடு போட்டுத்தான் சரி பண்ணாங்க.

சாட்பாட்டுக்கும் இதே வாத்தியார்தான். ஒரு கேள்விக்கு ரெண்டு பதில், ஆள் ஒன்னை எடுப்பார். அந்தத் தேர்வுகளை வச்சு மார்க் போட ஒரு மாடல் (பழக்கி எடுத்த புரோகிராம்), அந்த மார்க்கை ஏத்தப் பழகறது பதில் சொல்ற மெயின் மாடல். அளவுக்கு மீறி அழுத்தினா மார்க் ஏறும், தரம் இறங்கும். வளவளன்னு எழுதும், தப்பையும் அடிச்சுச் சொல்லும், நாம சொன்னதுக்கெல்லாம் தலையாட்டும்.

தர்மபுரிக்காரங்களுக்கு இது புதுசா என்ன? போர் போட்டா ‘எத்தனை இன்ச் தண்ணி’ன்னுதான் கேட்டோம். ஆழத்துப் பாறைத் தண்ணி தெளிவாத்தான் வந்துச்சு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டின ஃபுளோரைடு கண்ணுக்கும் தெரியலை, நாக்குக்கும் தெரியலை. வருசம் கழிச்சு பிள்ளைங்க பல்லுல காவிக்கறையா வந்து நின்னுச்சு. காய்ச்சினாலும் போகாது, தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கூடும். (ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதுக்காகத்தான்.)

ரோபோ கை மாட்டுனது, பொருள் எங்க இருக்குன்னு நமக்குத் தெரிஞ்சதால. தன்னைவிடக் கெட்டிக்கார மெஷினை மெஷினே வடிவமைக்கும்னு பிரிட்டன் கணித மேதை ஐ.ஜே. குட் 1965-லயே எழுதிட்டார். அப்படி ஒரு மெஷின் லட்சக்கணக்கான வரியில நிரல் எழுதிக் கொடுத்தா, எதைப் பார்த்து மார்க் போடுவீங்க? பிளக் கதையும் அங்கதான் அடிபடுது. நிறுத்திட்டா கொடுத்த வேலை முடியாது. அதனால நிறுத்த விடாம பார்த்துக்கறதும் வேலையில ஒரு படியாயிடும். அதுக்குக் கோபமோ ஆசையோ தேவையே இல்லை.

வேலையைச் சின்னச் சின்னதா உடைச்சுச் சரிபார்க்கறது, ஒரு மாடல் தப்பை இன்னொரு மாடலை வச்சுப் பிடிக்கறது, மாடலுக்கு உள்ளயே என்ன நடக்குதுன்னு தோண்டறது, இப்படி ஆராய்ச்சி நடக்குது. எதுவும் இன்னும் முழுசாக் கைகூடலை.

அந்த மெஷின் எந்த வருசம் வரும்னு பந்தயம் கட்டறதை விடுங்க. புது மாடல் விடற கம்பெனிகிட்ட கேட்க வேண்டியது வேற: என்னென்ன சோதனை பண்ணீங்க, வெளியாள் யார் பார்த்தாங்க, எந்த ரிசல்ட் வந்திருந்தா வெளியிடாம நிறுத்தியிருப்பீங்க?