41 லைக்கும் நான்கு முழம் மல்லியும்

(மாலை ஆறு மணி. மதுரை அம்மன் சன்னதி அருகே, தெருவோரத்தில் அக்கா மல்லிகை தொடுத்துக்கொண்டிருக்கிறாள். கல்யாண வீடுகளில் படமெடுத்துப் பிழைக்கும் தம்பி பக்கத்தில் குத்தவைத்து, கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். இவர்கள் வீட்டில் பேசும் தமிழ் வேறு. எழுத்தில் ஏற்றும்போது கொஞ்சம் இஸ்திரி போட்டிருக்கிறேன்.)

அக்கா: மாப்பிள்ளை வீட்டார் பதிலுக்குக் காத்திருக்கும் பெண் வீட்டார்கூடக் கைப்பேசியை இத்தனை முறை எடுத்துப் பார்க்கமாட்டார்கள். என்னடா ஆயிற்று உனக்கு?

தம்பி: விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, ஒத்தக்கடைக்குப் போய், யானைமலையின் முதுகில் சூரியன் ஏறும்வரை பனியில் நின்று எடுத்த படத்தைக் காலையில் இன்ஸ்டாகிராமில் போட்டேன், அக்கா. இந்த நேரம்வரை வந்திருப்பது வெறும் 41 லைக்.

அக்கா: ஒரே நாளில் 41 பேர் என் தட்டுக்கு முன்னால் வந்து நின்றால், ஏதோ பெரிய முகூர்த்தம் என்று நினைத்துக்கொள்வேன். யார் அந்த 41 பேர்?

தம்பி: பெரியம்மா வீட்டில் ஏழு பேர். சித்தப்பா மகன் இரண்டு கணக்கு வைத்திருப்பதால் இரண்டு. என்னோடு படித்தவர்கள் 11 பேர். அவர்கள் படத்துக்கு நான் போட்டேன், என் படத்துக்கு அவர்கள் போட்டார்கள், மொய் மாதிரி. ஒரே வாரத்தில் கோடீசுவரன் ஆக்குகிறேன் என்று சொல்லும் கணக்குகள் ஒன்பது. அப்புறம் ஒன்று, நானே போட்டது.

அக்கா: முப்பதுதான் ஆகிறது.

தம்பி: மீதி 11 பேர் யாரென்றே தெரியவில்லை.

அக்கா: படத்தைப் படத்துக்காகப் பார்த்தவர்கள் அந்த 11 பேர்தான். அவர்களை நீ மீதி என்கிறாய். மொய் எழுதியவர்களைக் கூட்டம் என்கிறாய்.

தம்பி: இதே யானைமலையை எடுக்கிற இன்னொருவருக்கு இரண்டு லட்சம் பேர் பின்தொடர்பவர்கள், அக்கா! நீ மட்டும் எதிர்த்தட்டுக்காரியின் கூட்டத்தை எண்ணுவதில்லையா?

அக்கா: எண்ணாமல் இருப்பேனா? இப்போது 14 பேர் நிற்கிறார்கள். அதில் மூன்று பேர் புதுமண்டபத்துக்கு வழி கேட்க வந்தவர்கள். அது கிடக்கட்டும், அந்த இரண்டு லட்சக்காரர் மலையைத் தவிர வேறென்ன போடுகிறார்?

தம்பி: வேறு எதுவும் போடுவதில்லை. யானைமலை, நாகமலை, கீழக்குயில்குடி சமணர் மலை, அரிட்டாபட்டி என்று ஐந்து வருடமாக மலைதான், பாறைதான்.

அக்கா: நீ?

தம்பி: திங்கள்கிழமை மலை, செவ்வாய்க்கிழமை கல்லில் வீச்சுப் புரோட்டா, புதன்கிழமை அலங்காநல்லூர்க் காளை, வியாழக்கிழமை உன் மகனுக்கு மொட்டை போட்டது.

அக்கா: ஒரே தட்டில் மல்லிகையையும் கருவாட்டையும் பரப்பி வைத்திருக்கிறாய். பூவுக்கு வந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுவாள். கருவாட்டுக்கு வந்தவன், இது சாமிக்குப் படைத்தது போலிருக்கிறது என்று தயங்கித் திரும்பிவிடுவான்.

தம்பி: அந்தச் செயலியே படத்தின் அளவை மாற்றிக்கொண்டேதான் வருகிறது, அக்கா. 2010-இல் தொடங்கியபோது சதுரப் படம் மட்டும்தான். 2015-இல் நெடுக்கையும் கிடையையும் அனுமதித்தார்கள். 2020-இல் ரீல்ஸ் வந்தது. திரையை அதிகம் அடைக்கட்டும் என்று நான் இப்போது எல்லாவற்றையும் நான்குக்கு ஐந்து என்று நெடுக்காக வெட்டிவிடுகிறேன்.

அக்கா: அதனால்தான் சித்திரைத் திருவிழாப் படத்தில் அழகரின் குதிரைக்கு வாலைக் காணோமா?

தம்பி: வால் மட்டுமா, இரண்டு பக்கமும் வெட்டியதில் ஆறே போய்விட்டது.

அக்கா: வைகையில் தண்ணீர் இல்லாமல் அழகர் இறங்குவது நமக்குப் பழகிப்போனதுதான். வைகையே இல்லாமல் அவரை இறக்கியவன் நீ ஒருவன்தான்.

(இங்கே தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டது உண்மை. ஆனால் சிரிப்பை மறைக்கத்தான் திருப்பினான் என்பது என் கணிப்பு.)

தம்பி: நீ கேலி செய். 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் இதே கோயிலையும் தெப்பக்குளத்தையும் திருமலை நாயக்கர் மகாலையும் காகித நெகட்டிவில் படமெடுத்தார். அவருக்கு ஒரு லைக் உண்டா? இன்று லண்டன் அருங்காட்சியகத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

அக்கா: அவருக்குச் சம்பளம் யார் கொடுத்தது?

தம்பி: சென்னை மாகாண அரசு. சில வருடத்திலேயே, செலவு அதிகம் என்று அந்த வேலையையும் நிறுத்திவிட்டார்கள்.

அக்கா: ஆக, நீயும் நூற்றறுபது வருடம் காத்திருக்கத் தயார். அதுவரை பெட்ரோலுக்கு என்னிடம் வாங்குவாய்.

தம்பி: பெயருக்குப் பக்கத்தில் அந்த நீல டிக் மட்டும் கிடைத்துவிட்டால் போதும், அக்கா, எல்லாம் மாறிவிடும்.

அக்கா: மதுரை மல்லிக்கே 2013-இல்தான் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அதற்கு முந்தைய வருடம்வரை இது மணக்காமலா கிடந்தது? சரி, அந்த 11 பேரில் யாராவது வாயைத் திறந்து ஏதாவது கேட்டார்களா?

தம்பி: இந்தப் படத்தில் இல்லை. போன மாதம் வடக்கு மாசி வீதியில் ஒரு பழைய வீட்டை எடுத்துப் போட்டேன். மலேசியாவிலிருந்து ஒரு அம்மா, "இந்த வீட்டில் திண்ணை இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார்.

அக்கா: நீ என்ன பதில் சொன்னாய்?

தம்பி: ஒரு இதயம் போட்டேன்.

அக்கா: இரண்டு முழம் மல்லி கொடு என்று ஒருத்தி கேட்கிறாள், நான் பூவைக் கொடுக்காமல் நெஞ்சில் கைவைத்துக் கும்பிட்டு அனுப்பினால் அவள் மறுபடி இந்தப் பக்கம் வருவாளா? எனக்கு இருபது வருட வாடிக்கைக்காரிகள் இருக்கிறார்கள். யாருக்குக் கனகாம்பரம் கலந்து வேண்டும், யாருக்கு நெருக்கமாகத் தொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எத்தனை பேர் என்று கேட்டால்தான் சொல்லத் தெரியாது. முதலில் அந்த அம்மாவுக்குப் பதில் எழுது.

தம்பி: ஒரு மாதம் கழித்தா?

அக்கா: எழுதுடா.

(எழுதுகிறான். அக்கா நான்கு முழம் தொடுத்து முடிப்பதற்குள் கைப்பேசி சிணுங்குகிறது.)

தம்பி: பதில் வந்துவிட்டது, அக்கா! ஒரு பக்க அளவுக்கு எழுதியிருக்கிறார். அவர் பாட்டி உட்கார்ந்து பல்லாங்குழி ஆடிய திண்ணையாம். ஆனால் நான் எடுத்தது அந்த வீடே இல்லையாம். அதற்கு இடப்பக்கம் மூன்றாவது வீடாம். முடிந்தால் போய் எடுத்துப் போடச் சொல்கிறார்.

அக்கா: பிறகென்ன, கிளம்பு.

தம்பி: இப்போதா? பொழுது சாய்ந்துவிட்டது, வெளிச்சம் நன்றாக இல்லையே!

அக்கா: அவர் உன்னிடம் வெளிச்சமா கேட்டார்? திண்ணை இருக்கிறதா என்று கேட்டார். போகிற வழியில் எதிர்த்தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போ. 14 இப்போது எத்தனை ஆகியிருக்கிறது என்று எனக்குச் சொல்.