உயிர்ப்பு மந்திரமும் நாள் கூலியும்

ஆளுக்கொரு சாகசக்காரர் வேடம் எடுத்து மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையாக ஆடுகிற ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதை ஆடுகிற நண்பர்கள் அடிக்கடி சொல்வது இது: செத்தவரை எழுப்பும் மந்திரங்களை ஆட்டத்திலிருந்து தூக்கிவிடு, சாவு பயம் போய்விட்டால் கதையில் விறுவிறுப்பு இருக்காது. நான் தூக்க மாட்டேன். அப்படி ஒரு மந்திரம் இருக்கிற உலகத்தில் ஊரும் உறவும் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் ஆடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிப் புத்தகத்தைப் பாருங்கள். 'ரைஸ் டெட்' மந்திரம், இறந்து 10 நாளுக்குள் இருந்தால் ஆளை எழுப்பும். 500 பொற்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும். மந்திரம் பலித்ததும் வைரம் மறைந்துவிடும். எழுந்தவருக்குக் கொஞ்ச நாள் தளர்ச்சி இருக்கும், நான்கு இரவு நன்றாகத் தூங்கினால் அதுவும் போய்விடும். சாகசக்காரர்களுக்கு இது பெரிய செலவே இல்லை.

அதே புத்தகத்தில், தொழில் தெரியாத கூலிக்காரருக்கு நாளுக்கு 2 வெள்ளிக்காசு. 10 வெள்ளிக்காசு சேர்ந்தால் 1 பொற்காசு. அப்படியானால் ஒரு வைரத்துக்கு 2,500 நாள் கூலி வேண்டும். ஒரு வாய் சோறு தின்னாமல் ஏறக்குறைய ஏழு வருடம் உழைக்க வேண்டும். ஏழையாகக் காலம் தள்ளுவதற்கே நாளுக்கு 2 வெள்ளிக்காசு ஆகும் என்றும் அங்கேயே போட்டிருக்கிறது. மிச்சம் பிடிக்க ஒன்றுமே இல்லை.

நாங்கள் ஆடுவது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில். மேசையைச் சுற்றி உட்காருகிற எல்லோர் வீட்டிலும் ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்கப் பால்மரம் வெட்டியவரோ செம்பனைக் குலை இறக்கியவரோ உண்டு. இவர்களுக்கு அந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. அந்த உலகத்தில் தோட்டத்துத் துரை செத்தால் எழுந்து வருவார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவேளை வரலாம். மரம் வெட்டுகிறவர் வரவே மாட்டார். ஆயுசு முடிந்துவிட்டது என்று சொல்லி அந்த வீட்டு அம்மாவை யாராலும் தேற்ற முடியாது. காசு இல்லாமல்தான் அவர் போனார் என்று எல்லோருக்கும் தெரியும்.

நம் பழைய கதைகள் இதையெல்லாம் யோசித்திருக்கின்றன. சுக்கிராச்சாரியாருக்கு மிருதசஞ்சீவினி தெரியும், அதனால் செத்த அசுரர்கள் மறுபடி போருக்கு வந்தார்கள். தேவர்கள் திணறிப்போய்க் கசனை அவரிடம் மாணவனாக அனுப்பினார்கள். அசுரர்கள் கசனைக் கொன்று, சாம்பலை மதுவில் கலந்து குருவுக்கே குடிக்கக் கொடுத்தார்கள். கடைசியில் கசன் குருவின் வயிற்றைப் பிளந்துகொண்டு வெளியே வந்தான். குருவின் மகள் தேவயானி கல்யாணப் பேச்சு எடுத்தபோது, உன் தகப்பன் வயிற்றிலிருந்து வந்தவனுக்கு நீ தங்கை முறை என்று மறுத்துவிட்டான். மயிலாப்பூரில் எலும்பும் சாம்பலுமாகக் குடத்தில் இருந்த பூம்பாவையைத் திருஞானசம்பந்தர் எழுப்பினார். அவள் தகப்பன் சிவநேசர் மகளை அவருக்கே மணம் முடிக்க ஆசைப்பட்டார். உயிர் கொடுத்தவன் தகப்பன் ஸ்தானம் என்று சம்பந்தர் ஒதுங்கிக்கொண்டார். ஒருவர் எழுந்தால் போரின் போக்கே மாறுகிறது, உறவுமுறையும் மாறுகிறது. நான்கு இரவு தூக்கத்தோடு முடிகிற சங்கதியா இது?

அதனால், நான் நடத்துகிற ஆட்டத்தில் வரும் ஊருக்கு ஒரு மரண சகாய நிதி வைத்தேன். நம் தோட்டங்களில் சாவு விழுந்தால் வீட்டுக்கு வீடு காசு போடுவார்களே, அதுதான். 1960-ல் இங்கே அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளி (அதாவது 10 டாலர்) வாங்கித் தோட்டங்களையே வாங்கிக் காட்டினாரே, அதுவும் மனதில் இருந்தது. ஊரே சேர்ந்து கட்டிய பணத்தில் பெட்டிக்குள் ஒரே ஒரு வைரம். ஒரே வாரத்தில் இரண்டு சாவு. பாம்பு கடித்த ஒரு பையன். கிணறு தூர்வாரப் போய் மண் சரிந்து இறந்த ஒருவர், நான்கு பிள்ளைக்குத் தகப்பன்.

அன்று யாரும் வாளை எடுக்கவில்லை. "அண்ணே, அந்தப் பையன் வீட்டில ரெண்டு மாசமா நிதிக்குக் கட்டலையே, கணக்கில வருமா?" என்று ஒரு தம்பி கேட்டான். விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு தங்கச்சி நிமிர்ந்து, "ஆவிக்குச் சம்மதம் இருந்தாத்தான் மந்திரம் பலிக்குமாம். கிணத்தில போனவரை எழுப்பினா, பையன் உசுரை எடுத்துக்கிட்டு வந்த ஆளுன்னு ஊரு பேசும். அவரு வர ஒத்துக்குவாரா?" என்றாள். அந்த விதியை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், இவ்வளவு கனம் அதற்குள் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

கடைசியில் பையனை எழுப்பினார்கள். கிணற்றில் போனவரின் மனைவி நிதியிலிருந்து விலகிக்கொண்டாள். அவளோடு இன்னும் சில வீடுகளும் விலகின. பெட்டி காலி, அடுத்த வைரத்துக்கு வழி தெரியவில்லை. இப்போது என் ஆட்டக்காரர்கள் டிராகனைத் தேடவில்லை. கோயில் பூசாரி வைரத்தை யாரிடம் வாங்குகிறார், அதை மண்ணுக்குள் இறங்கித் தோண்டுகிறவருக்கு என்ன கூலி என்று விசாரித்துக்கொண்டு சுரங்கத்துக்குப் போகிற வழியில் இருக்கிறார்கள்.